புதிதாகத் தபால் பட்டுவாடாவுக்கு வருபவர்களுக்கு: மேசையிலிருந்து கடைசி வாசல் வரை முழுமையான வழிகாட்டி

புதிதாக வேலைக்கு வருபவர்களைப் பழக்கும் பொறுப்பு பல வருடங்களாக என்னிடம் இருக்கிறது. கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். தெருவில் வேகமாக நடந்தால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்து, காலையில் மேசை வேலையை, அதாவது தபாலைப் பிரித்து அடுக்குவதை, அவசர அவசரமாக முடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். மேசையில் ஒரு கடிதம் இடம் மாறி உட்கார்ந்தால் தெருவில் பத்து நிமிடம் திரும்பி நடக்க வேண்டும். அப்படி நாலு கடிதம் மாறினால் அன்றைய பொழுதே போச்சு.

அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அலுவலக வாசலைத் தாண்டுவதற்கு முன் செய்ய வேண்டியவைதான். படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லியிருக்கிறேன். உங்கள் அலுவலக விதி எங்காவது வேறு மாதிரி இருந்தால் விதிப்படியே செய்யுங்கள்.

1. முதலில் பீட்டை வெறுங்கையோடு நடந்து பாருங்கள்

பையைத் தோளில் மாட்டுவதற்கு முன்பே உங்களுக்குக் கொடுத்த பீட்டை, அதாவது நீங்கள் தினமும் தபால் கொடுக்க வேண்டிய தெருக்களை, ஒருமுறை முழுக்க நடந்துவிடுங்கள். பட்டுவாடா நடக்கும் அதே நேரத்தில் போக வேண்டும். சாயங்காலம் போனால் காலையில் எந்த கேட் பூட்டியிருக்கும், எந்தத் தெருவில் வண்டி நெரிசல் இருக்கும் என்பது தெரியாது.

கையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். படம் வரைய வேண்டாம். நீங்கள் நடக்கும் வரிசையிலேயே கதவு எண்களை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள். பக்கத்தில் நாலு விஷயம் மட்டும் போதும்: தபால்பெட்டி எங்கே இருக்கிறது, கேட் எந்தப் பக்கம் திறக்கிறது, நாய் உண்டா, ஆள் எந்த நேரத்தில் இருப்பார்.

கதவு எண்களை நம்பி ஏமாறாதீர்கள். 14-க்கு அடுத்தது 15 என்று நினைத்துப் போவீர்கள். நடுவில் 14ஏ இருக்கும். 14பி பின்பக்கச் சந்தில் இருக்கும். 15 எதிர்ப்புறம் இருக்கும். மனை பிரிந்த இடம், பழைய எண்ணும் புது எண்ணும் சேர்ந்து ஒட்டியிருக்கும் வீடு, இரண்டு வாசல் உள்ள கட்டடம் ஆகியவற்றைக் கண்டால் நோட்டில் கோடு போட்டு வையுங்கள். முதல் மாதத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பங்கு இந்த மாதிரி வீடுகளில்தான் நடக்கிறது.

2. எந்த வழியாகப் போவது என்று முடிவு செய்யுங்கள்

அகலமான, வண்டி ஓடும் சாலை என்றால் ஒரு பக்கம் முழுவதையும் முடித்துவிட்டு மறுபக்கமாகத் திரும்புங்கள். குறுகிய அமைதியான தெரு என்றால் இந்த வீடு, எதிர்வீடு என்று மாறி மாறிப் போகலாம். சாலையைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் ஆபத்து இருக்கிறது, நேரமும் போகிறது. கையில் கட்டும் தோளில் பையுமாக இருப்பவரால் சட்டென்று ஒதுங்க முடியாது.

அலுவலகங்கள், கடைகள் போன்ற குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் திறந்திருக்கும் இடங்களை வழியில் எங்கே வைப்பது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். கனமான தபால் அதிகம் வாங்கும் இடங்கள் முன்பகுதியில் வந்தால் நல்லது. பாரம் சீக்கிரம் குறையும்.

ஒருமுறை முடிவு செய்த வழியை குறைந்தது ஒரு மாதத்துக்கு மாற்றாதீர்கள். பிரிக்கும் வரிசையும் நடக்கும் வரிசையும் ஒன்றாக இருந்தால்தான் கை தானாகப் பழகும். புதியவர் ஒருவர் தினமும் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார். ஆறு வாரம் ஆகியும் அவருக்குப் பீட் மனப்பாடம் ஆகவில்லை.

3. கூட எடுத்துக்கொள்ள வேண்டியவை

செருப்போ ஷூவோ, புதிதாக வாங்கியதை முதல் நாளே போட்டுக்கொண்டு பீட்டுக்குப் போகாதீர்கள். ஒரு வாரம் வீட்டைச் சுற்றி நடந்து பழக்கியதாக இருக்க வேண்டும். வாங்கும்போது சாயங்காலமாகப் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நடந்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுக்குப் பொருந்துவதுதான் உங்களுக்கு வேண்டியது. முடிந்தால் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். ஈரம் காய அவகாசம் கிடைக்கும், கொப்புளம் குறையும்.

பேனா இரண்டு. கூடவே ஒரு பென்சில். நனைந்த தாளில் பேனா மை பரவும், பென்சில் எழுத்து நிற்கும். ரப்பர் பேண்டு, விரலில் மாட்டும் ரப்பர் உறை, மழைக்குப் பிளாஸ்டிக் உறை, ஆள் இல்லாத வீட்டில் வைக்கும் அறிவிப்புச் சீட்டுக் கட்டு, ஸ்கேன் செய்யும் கருவிக்கு மாற்று சார்ஜ், சின்ன டார்ச், தண்ணீர். டார்ச் எதற்கு என்று கேட்பார்கள். பகலிலும் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் தபால்பெட்டியின் பெயரைப் படிக்க வெளிச்சம் போதாது.

இன்னொரு பொருளைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு ஜாண் நீளத்தில் தட்டையான மரக்குச்சி ஒன்று. கதவில் இருக்கும் தபால் துளையில் கடிதத்தை உள்ளே தள்ள அது வேண்டும். விரலை உள்ளே விடவே கூடாது. துளை மூடியின் ஸ்பிரிங் விரலை நசுக்கும், கதவுக்குப் பின்னால் சத்தமில்லாமல் நிற்கும் நாய் விரலைக் கடிக்கும்.

4. கணக்கில் வரும் தபால்களை எண்ணி வாங்குங்கள்

பதிவுத் தபால், காப்பீடு செய்த தபால், பணம் வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டிய பார்சல் ஆகியவை எல்லாம் எண்ணிக்கையோடும் கையெழுத்தோடும் உங்களிடம் வரும். பட்டியலில் உள்ள எண்ணையும் தபாலில் உள்ள எண்ணையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம், போடு" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கையெழுத்துக்குப் பிறகு பட்டியலில் இருப்பது எல்லாம் உங்கள் கணக்கு. பையில் அது இல்லாவிட்டாலும் உங்கள் கணக்குதான்.

வெளிநாட்டுத் தபாலின் எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். சர்வதேச அஞ்சல் ஒன்றியத்தின் எஸ்10 என்ற முறைப்படி அதில் 13 இடங்கள் இருக்கும்: முதலில் இரண்டு எழுத்து, பிறகு ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. முதல் எழுத்து தபாலின் வகையைச் சொல்லும். 'ஆர்' என்றால் பதிவுத் தபால், 'வி' என்றால் காப்பீடு செய்தது, 'சி' என்றால் பார்சல், 'இ' என்றால் விரைவுத் தபால்.

ஒன்பது இலக்கத்தில் கடைசி ஒன்று, மற்ற எட்டும் சரிதானா என்று பார்ப்பதற்கான சோதனை இலக்கம். எட்டு இலக்கங்களையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்து, மீதியை 11-இலிருந்து கழித்தால் அது வரும். விடை 10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் எடுத்துக்கொள்ள வேண்டும். உதாரணத்துக்கு 12345678 என்றால் கூட்டுத்தொகை 204, மீதி 6, ஆகவே சோதனை இலக்கம் 5.

இதைத் தெருவில் நின்று யாரும் கணக்குப் போடப் போவதில்லை. ஆனால் பார்கோடு அழிந்துபோய் எண்ணைக் கையால் அடிக்கும்போது கருவி ஏற்க மறுத்தால், கருவி கெட்டுவிட்டது என்று தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். பெரும்பாலும் நீங்கள் ஏதோ ஒரு இலக்கத்தை மாற்றிப் படித்திருக்கிறீர்கள். 3, 8, 5 மூன்றையும் மறுபடி பாருங்கள்.

5. பிரித்தல்: மூன்று சுற்று, ஒரே சுற்று அல்ல

புதியவர்கள் ஒரே மூச்சில் கதவு வாரியாக அடுக்கப் பார்க்கிறார்கள். அது அனுபவம் வந்தபின் முடியும். முதலில் மூன்று சுற்றாகப் பிரித்துப் பழகுங்கள்.

முதல் சுற்றில் எல்லாக் கடிதங்களையும் முகவரி தெரியும்படி ஒரே பக்கமாகத் திருப்புங்கள். அப்போதே உங்கள் பீட்டைச் சேராதவற்றையும், முகவரி குறைவானவற்றையும், வீடு மாறிப் போனவர்களுக்கு வந்தவற்றையும் தனியே எடுத்துவிடுங்கள். இவை வரிசைக்குள் கலந்துவிட்டால் தெருவில் நின்று யோசிக்க வைக்கும்.

இரண்டாம் சுற்றில் தெரு வாரியாக. மூன்றாம் சுற்றில்தான் நீங்கள் நடக்கும் வரிசையில் கதவு வாரியாக.

முகவரியைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். முதலில் அஞ்சல் குறியீடு, பிறகு தெரு, பிறகு கதவு எண், கடைசியில் பெயர். பெயரை முதலில் படிப்பவர்கள் "இவரைத் தெரியுமே" என்று கை போன போக்கில் போட்டுவிடுவார்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இல்லாத பீட்டை நான் பார்த்ததில்லை. அப்பா இருந்த வீட்டிலிருந்து மகன் பிரிந்து அடுத்த தெருவுக்குப் போயிருப்பார், இன்ஷியலும் ஒன்றாகவே இருக்கும். கதவு எண்ணைப் படித்தவருக்கு இங்கே குழப்பமே வராது.

கையெழுத்தில் 1-உம் 7-உம், 4-உம் 9-உம், 0-உம் 6-உம் மாறித் தெரியும். சந்தேகம் வந்தால் பெயரைப் பார்த்து உறுதி செய்யுங்கள். பெயருக்கு உண்மையான வேலை அப்போதுதான்.

இனி நான் அதிகம் வலியுறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். பத்திரிகை, விலைப்பட்டியல் போன்ற மடிப்புள்ள தபால்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, முதுகுப்பக்கத்தைத் தட்டி, திறந்த பக்கம் கீழே வரும்படி ஒரு உதறு உதறுங்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், நான் வேலைக்கு வந்த இரண்டாவது மாதம் ஒரு மெல்லிய பழுப்பு உறை மாதப் பத்திரிகை ஒன்றின் நடுப்பக்கத்துக்குள் நழுவிப் போயிருந்தது. பை காலியாகத்தான் திரும்பினேன், கணக்கும் சரியாக இருந்தது, நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். பத்திரிகை வாங்கியவர் அதைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டார். ஒன்பது நாள் கழித்து அவரே உறையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நாலு வீடு தள்ளி இருந்த ஒரு பெண்ணுக்கு வந்த நேர்முகத் தேர்வு அழைப்பு அது. தேர்வு நாள் அதற்கு முந்தின தினம். அந்த வாசலில் போய் நின்று உறையை நீட்டியபோது அவர் திட்டவில்லை. உறையைப் பிரித்து, தேதியைப் பார்த்து, மறுபடி அதே மடிப்பில் மடித்து உள்ளே வைத்தார். இன்று வரை ஒரு பத்திரிகையையும் உதறாமல் நான் கட்டில் வைப்பதில்லை.

6. கட்டுவதும் பையில் அடுக்குவதும்

ஒரு கையால் வசதியாகப் பிடிக்கும் அளவுக்கு மேல் ஒரு கட்டு பெரிதாக இருக்கக் கூடாது. கட்டைவிரலும் மற்ற விரல்களும் சுற்றி வளைக்க முடிந்தால் சரி. பெரிய கட்டு நழுவி விழுந்தால் வரிசை கலையும், நடுத்தெருவில் குந்தி உட்கார்ந்து மறுபடி அடுக்க வேண்டியிருக்கும்.

பையில் கடைசித் தெருவின் கட்டு அடியில், முதல் தெருவின் கட்டு மேலே. கனமானவை உடம்பை ஒட்டி இருக்க வேண்டும். பையின் வெளிப்பக்கம் கனமாக இருந்தால் அது உங்களை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும், இடுப்பு வலிக்கும். தோளை மணிக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள்.

பார்சலும் பதிவுத் தபாலும் கட்டுக்குள் அடங்காது. அவற்றுக்கு ஒரு நினைவுச் சீட்டு முறை வைத்துக்கொள்ளுங்கள். கடிதக் கட்டில் அந்த வீட்டின் இடத்தில், பட்டென்று கண்ணில் படும் நிறத்தில் ஒரு அட்டைத் துண்டைச் செருகிவிடுங்கள். கட்டைப் புரட்டிக்கொண்டே வரும்போது அட்டை வந்தால் "இங்கே பையில் இன்னொன்று இருக்கிறது" என்று அர்த்தம். இது இல்லாதவர்கள் கடிதத்தை மட்டும் போட்டுவிட்டு, மூன்று தெரு தாண்டியபின் பார்சலைப் பார்த்துத் தலையில் கை வைப்பார்கள். முக்கியமாக, அந்த வீட்டுக்குக் கடிதம் எதுவும் இல்லாமல் பார்சல் மட்டும் வந்திருக்கும் நாளில் அட்டை இல்லை என்றால் வீட்டையே தாண்டிப் போய்விடுவீர்கள்.

7. கிளம்பும் முன்

கருவியில் சார்ஜ், வண்டியில் காற்றும் பிரேக்கும், வானம். மூன்றையும் பாருங்கள். மேசையின் அடியையும், தபாலைப் பிரித்துப் போடும் அடுக்கறையின் ஒவ்வொரு குழியையும் கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாமல் பின்சுவரோடு ஒட்டி நிற்கும் அஞ்சலட்டை கைக்குத் தட்டுப்படும்.

8. வாசலில் செய்ய வேண்டியது

ஒவ்வொரு வாசலிலும் இந்த வரிசை மாறக் கூடாது: கடிதத்தின் எண்ணைப் படி, வாசலில் உள்ள எண்ணைப் பார், போடு, அடுத்த கடிதமும் இதே வீட்டுக்கா என்று பார். கடைசிப் படிதான் பெரும்பாலும் விட்டுப் போகும். ஒரு வீட்டுக்கு மூன்று வந்திருக்கும், இரண்டைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அல்லது ஒட்டிக்கொண்ட இரண்டு உறைகள் ஒரே பெட்டிக்குள் போய்விடும். போடும் முன் உறைகளை விரலால் விசிறி போல விரித்துப் பாருங்கள்.

மேசையில் ஒருமுறை பார்த்தாயிற்றே என்று வாசலில் பார்க்காமல் விடாதீர்கள். மேசையில் நடந்த தவறைப் பிடிக்க இருக்கும் ஒரே இடம் வாசல்தான்.

கடிதத்தை முழுவதும் உள்ளே போகும்படி போடுங்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழையில் நனையும், யாரும் உருவிக்கொண்டு போகலாம். வீட்டில் ஆள் இல்லை என்று தெருவுக்கே சொல்வதாகவும் ஆகும். பெட்டி நிரம்பி வழிந்தால் அழுத்தித் திணிக்க வேண்டாம். திருப்பிக் கொண்டுவந்து, பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். பல நாள் தபால் எடுக்கப்படாமல் இருந்தால், அதுவும் வயதானவர் தனியாக இருக்கும் வீடு என்றால், அன்றே சொல்லுங்கள். அந்த வாசலுக்கு தினமும் வருபவர் சில சமயம் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

நடந்துகொண்டே அடுத்த கட்டைப் புரட்டுவதைப் பற்றி: சமதரையில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம். படியில் ஏறும்போதும் இறங்கும்போதும், சாலையைக் கடக்கும்போதும் கண் கடிதத்தில் இருக்கவே கூடாது. தடுக்கி விழுந்து கை முறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லோரும் அந்தப் படியில் நூறு முறையாவது ஏறி இறங்கியவர்கள்தான்.

9. கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டியவை

அழைப்புமணியை அழுத்திவிட்டு ஒரு அடி பின்னால் வந்து, உங்கள் முகமும் பையும் தெரியும்படி நில்லுங்கள். வயதானவர்கள் எழுந்து வர நேரம் ஆகும். மனதுக்குள் ஐம்பது வரை எண்ணுங்கள். பத்து நொடியில் சீட்டு எழுத ஆரம்பிப்பது புதியவர்களின் வழக்கம். நாம் தெருமுனை திரும்பும் நேரத்துக்கு அவர் கதவைத் திறந்து நிற்பார்.

ஆள் வந்ததும் "நீங்கள்தான் இன்னாரா?" என்று பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். "உங்கள் பெயர் என்னங்க?" என்று கேளுங்கள். பெயரை நீங்கள் சொன்னால் யாரும் "ஆமாம்" என்று சொல்லிவிடலாம். காது கேட்காதவர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள். அவர் வாயால் பெயர் வந்து, அது உறையில் இருப்பதோடு ஒத்துப்போன பிறகு, விதிப்படி அடையாள அட்டையைப் பாருங்கள்.

முதலில் அடையாளம், பிறகு பணம் வாங்க வேண்டியிருந்தால் பணம், பிறகு கையெழுத்து, கடைசியில்தான் தபால் கைமாற வேண்டும். உறையை முதலில் கொடுத்தால் அதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விடுவார்கள், கையெழுத்துக்காக நீங்கள் வாசலில் நிற்க வேண்டும். பணத்தை அவர் கண்ணெதிரே இரண்டு முறை எண்ணுங்கள், உடனே தனிப் பையில் வையுங்கள். சொந்தப் பணம் இருக்கும் சட்டைப்பையில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

ஆள் இல்லையென்றால் அறிவிப்புச் சீட்டை அந்த வாசலிலேயே எழுதி அங்கேயே வையுங்கள். வந்த நேரத்தையும், எங்கே எப்போது வந்து வாங்கலாம் என்பதையும் தெளிவாக எழுதுங்கள். அலுவலகம் போய் மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தால், எந்த வீடு பூட்டியிருந்தது, எந்த வீட்டில் ஆள் வரவில்லை என்பது கலந்துவிடும்.

பக்கத்து வீட்டில் கொடுப்பது பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். விதி அனுமதித்து, வாங்க வேண்டியவரே எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் கொடுக்கலாம். அவருக்காக நீங்கள் கையெழுத்துப் போடுவது எந்த நிலையிலும் கூடாது. "நான்தான் சொல்றேன்ல, நீங்களே போட்டுக்கங்க" என்று பழகியவர்களே சொல்வார்கள். அன்பாகவே மறுத்துவிடுங்கள்.

வாங்க மறுப்பவரிடம் வாதாட வேண்டாம். மறுக்க அவருக்கு உரிமை இருக்கிறது. மறுத்தார் என்று தேதியோடு எழுதிக்கொண்டு வாருங்கள், அவ்வளவுதான்.

யாருக்கு எங்கிருந்து தபால் வந்தது என்பதை இன்னொருவரிடம் பேசாதீர்கள். வங்கி, நீதிமன்றம், மருத்துவமனை என்று உறையே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். அது உங்கள் வாயிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போனால் அந்தத் தெருவில் உங்களை யாரும் மறுபடி நம்ப மாட்டார்கள்.

10. நாய், வெயில், மின்னல்

கேட்டைத் திறக்கும் முன் அதைச் சத்தம் வரும்படி ஆட்டுங்கள். நாய் இருந்தால் நீங்கள் வெளியே இருக்கும்போதே தெரிந்துவிடும். நாய் வந்தால் ஓடாதீர்கள், முதுகைக் காட்டாதீர்கள். பையைக் கழற்றி உங்களுக்கும் அதற்கும் நடுவில் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்வாங்குங்கள். கண்ணோடு கண் முறைத்துப் பார்க்க வேண்டாம். கதவு உங்கள் பக்கமாகத் திறப்பது என்றால், வீட்டுக்காரர் திறக்கும்போது ஒரு பாதத்தைக் கதவின் அடியில் ஒட்டி வையுங்கள். நாய் முட்டிக்கொண்டு வந்தால் கதவு முழுவதும் திறக்காது.

"ஒன்றும் செய்யாது, வாங்க" என்ற சொல்லை நம்பி உள்ளே போகாதீர்கள். அவரை ஒன்றும் செய்யாது என்பதுதான் அவருக்குத் தெரிந்த உண்மை. நாயைக் கட்டிய பிறகு வருவதாக மரியாதையாகச் சொல்லுங்கள். கடித்துவிட்டால், சின்னக் கீறலாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி வந்தபின் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. தடுப்பூசியை உடனே போட்டுக்கொண்டால் அந்த நிலை வராமல் தடுக்கலாம்.

வெயிலில் தாகம் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் அளவு தண்ணீர் குடியுங்கள். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அதனால் முதல் வாரத்திலும் நீண்ட விடுப்பு முடிந்து திரும்பும் வாரத்திலும் கூடுதல் கவனம் வேண்டும். தலை சுற்றினாலோ பேச்சு குழறினாலோ பீட்டை நிறுத்திவிட்டு நிழலுக்குப் போய் யாரையாவது கூப்பிடுங்கள்.

மின்னல் வெட்டியபின் இடிச் சத்தம் கேட்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். 30 நொடிக்குள் கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. கட்டடத்துக்குள் போய்விடுங்கள், மரத்தடியில் நிற்காதீர்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துக் கிளம்பலாம்.

பார்சல் ஒன்றிலிருந்து புகையோ, கருகிய வாடையோ, வழக்கமில்லாத சூடோ வந்தால் அதைப் பையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள். உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கலாம். ஆள் இல்லாத திறந்த வெளியில் இறக்கி வைத்து விலகி நின்று தகவல் சொல்லுங்கள். பிரித்துப் பார்க்க வேண்டாம்.

11. கொடுக்க முடியாதவற்றுக்குக் காரணம் எழுதுதல்

காரணத்தை அந்த வாசலிலேயே எழுதுங்கள். "ஆள் இல்லை", "வீடு மாறிவிட்டார்", "இந்தப் பெயரில் யாரும் இல்லை", "முகவரி போதாது", "வாங்க மறுத்தார்". இவை ஒன்றுக்கொன்று மாற்றாக எழுதக் கூடியவை அல்ல.

புதியவர்கள் அதிகம் குழப்பிக்கொள்வது "வீடு மாறிவிட்டார்" என்பதையும் "யாரும் இல்லை" என்பதையும். முதலாவது எழுதப்பட்டால், புது முகவரி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து அங்கே திருப்பி அனுப்ப வழி இருக்கிறது. இரண்டாவது எழுதப்பட்டால் அது நேராக அனுப்பியவருக்கே போகும். வாடகைக்கு இருந்து போன மாதம் வீடு மாறியவரை "யாரும் இல்லை" என்று எழுதினால், அவருக்கு வரவேண்டிய எல்லாமே அவரைத் தேடாமலேயே திரும்பிவிடும். எழுதும் முன் பக்கத்து வீட்டிலோ கீழ்த்தளத்திலோ ஒரு வார்த்தை கேளுங்கள். அரை நிமிடம்தான் ஆகும்.

"முகவரி போதாது" என்று எழுதுவதற்கு முன், அந்தக் கடிதத்தை மேசையில் பழைய ஆள் ஒருவரிடம் காட்டுங்கள். நோட்டில் இல்லாத எத்தனையோ விவரம் அவர் தலையில் இருக்கும்.

12. திரும்பி வந்த பிறகு

கணக்கு முதலில். பணம், கையெழுத்துகள், திருப்பிக் கொண்டுவந்த தபால்கள் ஆகிய எல்லாவற்றையும் காலையில் வாங்கிய எண்ணிக்கையோடு ஒப்பிட்டு ஒப்படையுங்கள். உட்கார்ந்து இளைப்பாறுவதெல்லாம் அதற்குப் பிறகு. களைப்பில் பத்து நிமிடம் தள்ளிப்போட்டாலே யார் என்ன சொன்னார் என்பது மங்கத் தொடங்கும்.

பிறகு பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஓரத் தையலுக்குள் விரல் விட்டுப் பாருங்கள். அஞ்சலட்டைகள் அங்கேதான் சிக்கும். வண்டியின் இருக்கை இடுக்கு, மழை உறையின் உட்பக்கம், இரண்டையும் பாருங்கள்.

வீடு மாற்றிப் போட்டுவிட்டீர்கள் என்று தெரிந்தால், நினைவு வந்த நிமிடமே பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். அன்றே போய்க் கேட்டால் உறை பெரும்பாலும் பிரிக்கப்படாமல் கிடைத்துவிடும். மறுநாள் என்றால் பாதி வாய்ப்பு. பயந்துகொண்டு ஒளிப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சொன்ன தவறுக்காக வேலை போனவரை நான் பார்த்ததில்லை, ஒளித்ததற்காகப் போனவரைப் பார்த்திருக்கிறேன்.

13. நோட்டைத் தினமும் திருத்துங்கள்

கணக்கு முடிந்ததும் நோட்டை எடுத்து இரண்டு நிமிடம் எழுதுங்கள். 22-ஆம் எண் வீட்டில் புதிதாக நாய். மூன்றாம் மாடியில் பெயர்ப்பலகை மாறியிருக்கிறது. பின்பக்கச் சந்தில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். 31-இல் இருக்கும் அம்மாவுக்குக் கண் தெரியாது, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அட்டையின் ஓரத்தை வைத்துக் காட்ட வேண்டும், யாரிடமிருந்து வந்தது என்று படித்துச் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு இதெல்லாம் மூன்று மாதத்தில் மனப்பாடம் ஆகிவிடும், எழுதுவதை நிறுத்தத் தோன்றும். நிறுத்தாதீர்கள். நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில் வேறு ஒருவர் உங்கள் பையை எடுத்துக்கொண்டு போவார். அவருக்கு அந்தச் சந்தும் தெரியாது, அந்த நாயும் தெரியாது, 31-இல் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதும் தெரியாது. விடுப்புக்குப் போகும் முந்தின நாள் நோட்டை மேசையில் உங்கள் அடுக்கறையின் முதல் குழியில் வைத்துவிட்டு, அதை அங்கே வைத்திருப்பதாக அவரிடம் நேரில் சொல்லிவிட்டுப் போங்கள்.